இன்னும் ரெண்டு விரக்கடை

சின்ராசுவின் பட்டறையில் எங்கள் ஜீப் நான்கு மரக்கட்டைகளின் மேல், சக்கரம் இல்லாமல் நின்றது. அதற்கு இந்தப் பக்கம் என் கணவர் சிவக்குமார். அந்தப் பக்கம் மகள் அருள்மொழி. நடுவில் சின்ராசு பழைய பனியன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"ஒரு நட்டுகூட மாறக் கூடாது சின்ராசு. கம்பெனியிலருந்து எப்படி வெளிய வந்துச்சோ, அப்படியே நிக்கணும்" என்றார் இவர்.

"கரெக்டா சொன்னீங்க சார். பழசுக்குத்தான் மரியாதை."

"அண்ணே, டயர் பெருசா போடணும்" என்றாள் அருள்மொழி. "மேல கூடு. முன்னாடி வரிசையா லைட்டு. பவர் ஸ்டியரிங். குரங்கணிக்கு மலையேற வர்றவங்க வண்டியப் பாத்ததும் போட்டோ எடுக்கணும். போட்டோ எடுத்ததும் ஏறி உக்காரணும்."

"அதுவும் சரிதான் பாப்பா. கூடு இல்லாம மழைக்கு என்ன செய்றது?"

சின்ராசு எப்போதும் கடைசியாகப் பேசியவர் கட்சி. அவனிடம் வண்டி விட்டால் ரிப்பேர் முடியுமுன் மூன்று பேராவது சமாதானமாகப் போய்விடுவார்கள் என்று போடியில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அது நடக்கவில்லை. ஒரு வாரமாக இதே பேச்சு. சோற்றில் குழம்பு ஊற்றும்போதும் இதுதான்.

இவர் கல்லூரியில் வரலாறு நடத்துகிறார். போன வருடம் பழைய வண்டிக்காரர்கள் குழு ஒன்றில் யாரோ இவரைச் சேர்த்துவிட்டார்கள். அதிலிருந்து காலையில் காப்பிக்கு முன்னால் யாராவது ஒருவருடைய விளக்குக் கண்ணாடியின் படத்தை எனக்குக் காட்டுவார். "பாரு, அசல்" என்பார். நானும் பார்ப்பேன். அசலுக்கும் மற்றதற்கும் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. ஆனால் அவர் முகம் அப்போது நன்றாக இருக்கும்.

அருள்மொழிக்கு வேறு கணக்கு. சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் தொழில் செய்யப்போகிறாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது. ஓடாத வண்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ள, நாங்கள் ஒன்றும் ஜமீன் இல்லை.

"சரி, அம்மாவக் கேப்போம்" என்றாள் அவள் திடீரென்று. "ஆர்.சி. புக்கு அம்மா பேர்லதான இருக்கு."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் காலியான ஆயில் டின் மேல் உட்கார்ந்திருந்தேன்.

"பாப்போம்" என்றேன்.

இந்தச் சொல்லை நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். இந்தச் சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. கேட்டவர் தனக்குப் பிடித்த பதிலை அதற்குள் போட்டுக்கொள்ளலாம். இவர் தலையை ஆட்டினார். அருள்மொழியும் ஆட்டினாள். இரண்டு பேரும் ஜெயித்த முகத்தோடு மறுபடியும் சண்டையைத் தொடங்கினார்கள்.

என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. அவர்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். எனக்கு டயரும் வேண்டாம், அசலும் வேண்டாம். எனக்கு அந்த ஜீப்பை ஓட்ட வேண்டும்.

அதில் ஒரு சிக்கல். எனக்குக் கால் எட்டாது.

ஜீப் என் அப்பா பால்சாமியுடையது. பூப்பாறைக்கு மேலே இருக்கும் ஏலத்தோட்டமும் அவருடையது. ராசிங்காபுரத்து வயல் தம்பிக்குப் போனது. தோட்டமும் ஜீப்பும் எனக்கு வந்தன. அப்பா ஆறடிக்கு மேல். வாசல் நிலைகளில் குனிந்து குனிந்து, வெட்டவெளியிலும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். ஒரு எஸ்டேட்காரரிடமிருந்து பழைய வண்டியாகத்தான் அந்த ஜீப்பை வாங்கினார். "வாங்குனது வாங்குனபடி இருக்கு, ஒரு போல்ட்டு மாத்தல" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். டிரைவர் சீட்டைத் தரையோடு போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். முன்னேயும் போகாது, பின்னேயும் போகாது.

கல்யாணத்துக்கு முன்பே டிரைவிங் ஸ்கூலில் ஒரு சின்னக் காரில் ஓட்டக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் வந்த அன்று அப்பா என்னை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தார். என் கால் கிளச்சுக்கு முன்னால் காற்றில் ஆடியது. அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கால் வளந்ததும் ஓட்டு ஆத்தா!" நானும் சேர்ந்து சிரித்தேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. பிறகு லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. என்னையே நான் கேட்டுக்கொண்டதும் இல்லை.

எங்கள் டிரைவர் வீரணன் சொந்த ஜீப் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கேட்டுக்கொள்ள வேண்டி வந்தது. அவன் தினமும் விடியலில் போடியிலிருந்து தோட்டவேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போவான். அதில் ஒரு ஓரத்தில் நானும் போவேன். அவன் சொன்ன நேரத்தில் கிளம்ப வேண்டும். அவன் சொன்ன நேரத்தில் திரும்ப வேண்டும். காய் எடுக்கும் ஆட்கள் இன்னும் ஒரு வரிசை முடிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, கீழே ரோட்டில் ஹாரன் அடிப்பான். தோட்டம் என்னுடையது, நேரம் வீரணனுடையது. வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவர் ஜீப்பை எடுப்பார். அன்றைக்கு நேரம் இவருடையது.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு. இவர் என்னை மேலே விட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்து நிலவனோடு சாந்தன்பாறையில் ஏதோ பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறதென்று பார்க்கப் போய்விட்டார். நிலவனின் பைக்கில் போனதால் ஜீப் சாவியோடு தோட்டத்திலேயே நின்றது. பச்சைக்காய் மூட்டைகளை மருதாயி ஜீப்பின் பின்னால் ஏற்றி முடித்திருந்தாள். மருதாயிதான் எங்கள் தோட்டத்தில் காய் எடுப்பவர்களுக்குத் தலைவி. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

எங்களுக்குச் சொந்தமாக ஸ்டோர் கிடையாது. காயை உலர்த்தும் கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். நிலவனுடைய ஸ்டோரில்தான் எங்கள் காயும் காய்கிறது. நேரத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் அடுத்த தோட்டத்துக் காய் தட்டில் ஏறிவிடும். நம்முடையது மூட்டையிலேயே வெந்து பழுக்க வேண்டியதுதான்.

"ஆத்தா, லைசன்ஸ் இருக்குன்னு சொன்னீகள்ல?" என்றாள் மருதாயி.

"இருக்கு."

"பொட்டிக்குள்ளயா, கையிலயா?"

"கால் எட்டாது மருதாயி."

அவள் என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். முன்சீட்டில், போடிக்குக் கொண்டுபோக வேண்டிய உலர்ந்த காய் ஒரு சின்னச் சாக்கில் இருந்தது. அதை எடுத்து டிரைவர் சீட்டில் சாய்த்து வைத்து, தலையணையைத் தட்டுவதுபோல் தட்டினாள். "இப்ப உக்காருங்க."

உட்கார்ந்தேன். முதுகுக்குப் பின்னால் சாக்கு முன்னே தள்ள, கால் கிளச்சைத் தொட்டது. நுனிதான். அழுத்தினால் இறங்கியது.

தோட்டத்துப் பாதை கொஞ்சதூரம்தான். கல்லும் சேறும் இரண்டு திருப்பமும். ஆனால் ஸ்டியரிங் என் கையில் துடித்ததும், முன்கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏலச்செடிகள் எனக்காக ஒதுங்கியதும், இறக்கத்தில் கியரைக் குறைத்தபோது வண்டி சொன்னபடி கேட்டதும், அதை எப்படிச் சொல்வது? எனக்கு அப்போது என் பெயர்கூட ஞாபகம் இல்லை. யாருடைய மகளாகவோ, யாருடைய அம்மாவாகவோ இல்லை. பாதை, கல், கியர் மட்டும். ஒவ்வொரு கிளச்சுக்கும் நான் சாக்கின் மேல் முதுகை அழுந்த ஊன்ற, சாக்குக்குள் சடசடவென்று ஏதோ நொறுங்கியது. மருதாயி, "என்ன சத்தம்?" என்றாள். "வண்டி பழசு" என்றேன்.

ஸ்டோர் வாசலில் இறங்கி சாக்கைத் திறந்து பார்த்தபோது, பாதிக்குமேல் காய் வெடித்து விதை வெளியே கிடந்தது. இருக்கும் சாமான்களிலேயே விலை கூடியதைத்தான் நாங்கள் முதுகுக்கு வைத்திருக்கிறோம். பக்கத்திலேயே பழைய கோணிகள் கிடந்தன. இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. மருதாயி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் சிரிப்பில் தோள்தான் குலுங்கும், சத்தம் வராது. எனக்குச் சத்தமாகவே வந்தது.

சாயங்காலம் இவர் வருமுன் ஜீப்பைப் பழைய இடத்திலேயே நிறுத்திவிட்டேன்; பச்சைக்காயை ஆட்கள் சுமந்து போனதாக நினைத்துக்கொண்டார். சாக்கைக் கிளறிப் பார்த்து, "ஸ்டோர்ல சூடு கூடிப்போச்சு. நிலவன்கிட்ட சொல்லணும்" என்றார். நான் தடுக்கவில்லை. வழியில் மூக்கைச் சுருக்கி, "என்ன அமுதா, பாயசம் வாசம் வருது?" என்று வேறு கேட்டார்.

அடுத்த மாதம் ஜீப் பட்டறைக்கு வந்தது. சும்மா பிரேக் பார்க்கத்தான் வந்தது. இப்போது எலும்புக்கூடாக நிற்கிறது.

அவர்கள் என்னைக் கேட்ட அன்று சின்ராசு டிரைவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தான். இவர் அதைப் புதுமாப்பிள்ளையைப் படம் எடுப்பதுபோலச் சுற்றிச்சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். வாசலில் வீரணனின் ஜீப் வந்து நின்றது. மலையிலிருந்து ஆட்களை இறக்கிக்கொண்டு வரும் வழியில், பிரேக்கைக் கொஞ்சம் பார்க்கச் சொல்ல நிறுத்தினான். பின்னாலிருந்து மருதாயி கூடையோடு இறங்கினாள். எங்கள் ஜீப்பைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, சீட்டக் கழட்டியாச்சா! நல்லதாப் போச்சு. இனி ஆத்தா வண்டி ஓட்ட ஏலக்கா மூட்டை வேணாம்."

சின்ராசு கை துடைப்பதை நிறுத்தினான்.

"என்ன மூட்டை?" என்றார் இவர்.

மருதாயி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "எனக்குச் சோலி கெடக்கு" என்று கூடையை எடுத்துக்கொண்டு மறுபடி ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஆனால் காது இந்தப் பக்கம்தான் இருந்தது.

"அம்மா, நீ ஜீப் ஓட்டுனியா?" அருள்மொழி கத்தினாள். அவள் குரலில் சந்தோஷம்தான். "எப்ப? எங்க?"

"தோட்டத்துல. ஐப்பசில."

இவர் மெதுவாக யோசித்துக் கண்டுபிடித்தார். "அப்ப அந்தக் காய் வெடிச்சது... நிலவன நான் சும்மாவா சத்தம் போட்டேன்? அந்த மனுசன் உலையவே பிரிச்சுப் பாத்தானே!"

வீரணன் ஜீப்பிலிருந்த பெண்கள் மொத்தமும் சிரித்தது. எனக்குக் காது சூடானது. ஆனாலும் எழுந்து நின்றேன். வாய் திறந்ததும் "பாப்போம்" வரவில்லை.

"சீட்டு முன்னாடி வரணும். எனக்குக் கால் எட்டணும்" என்றேன். "நான் ஓட்டணும். ஞாயித்துக்கெழமை மட்டும் இல்ல."

இவர் சீட்டைப் பார்த்தார், ஜீப்பின் தரையைப் பார்த்தார். நிஜமாகவே வலித்தது அவருக்கு. "ஓட்டு அமுதா, நான் வேணாம்னு சொல்லல. ஆனா தரையில புதுசா ஓட்டை போட்டா வண்டி போச்சு. அசல்னு சொல்லிக்க முடியாது. உங்கப்பா ஒரு போல்ட்டு மாத்தாம வச்சிருந்தாரு. ஒரு நல்ல மெத்தையாத் தச்சுக்கலாமே?"

"மெத்தை எதுக்குப்பா? நான் சொன்னபடி புது சீட்டு போட்டா முன்ன பின்ன தானா நகரும். அதோட தரையையும் மாத்திரலாம்" என்றாள் அருள்மொழி.

"ரெண்டும் சரியாத்தான் இருக்கு" என்றான் சின்ராசு.

என் ஆசையைக்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துத் தங்கள் கட்சியில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. வேடிக்கையாக இருந்தது. கொஞ்சம் களைப்பாகவும்.

"எங்க ஓட்டை போடணும்னு முதல்ல பாப்போம்" என்று சின்ராசு தரையில் ஒட்டியிருந்த பழைய தாரைச் சுரண்டத் தொடங்கினான். அது அப்பா காலத்துத் தார். பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. அடியில், சீட்டு இருந்த போல்ட் ஓட்டைகளுக்கு நாலு விரற்கடை முன்னால், வட்டமாக நாலு தழும்புகள் தெரிந்தன. யாரோ பழைய ஓட்டைகளை ஈயம் காய்ச்சி ஊற்றி அடைத்திருந்தார்கள்.

"இது என்ன?" என்றாள் அருள்மொழி.

இவர் படம் எடுத்துக் குழுவில் போட்டார். கோயம்புத்தூரில் ஒருவர் இருக்கிறார். இவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கேட்பார்கள். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் பதில் குரலாகவே வந்தது. "சார், அந்த அடைச்ச ஓட்டைதான் சார் அசல். உங்க சீட்ட யாரோ பின்னால தள்ளி மாட்டிருக்காங்க. உயரமான ஆளா இருக்கும்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு போல்ட்டு மாத்தல! வாங்கின அன்றைக்கே அப்பா தள்ளியிருப்பார். பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு முட்டி இடித்திருக்கும், சீட்டைத் தள்ளியிருப்பார், மறந்திருப்பார். சட்டை பெரிதாக இருந்தால் கையை மடித்துவிட்டுக்கொள்வதுபோல. தனக்கு இசைவாகச் செய்துகொண்டதை மாற்றம் என்று யார் நினைப்பார்கள்? அதற்குப் பிறகு என் கால் எட்டாததுதான் குறையாகிவிட்டது. கால் வளந்ததும் ஓட்டு ஆத்தா.

"அப்ப பிரச்சினையே இல்ல!" இவர் கையைத் தட்டினார். "அடைப்ப எடுத்துட்டு அசல் எடத்துலயே மாட்டிருவோம். வண்டியும் அசல், அமுதாவும் ஓட்டலாம்."

அருள்மொழிக்கும் அதில் மறுப்பு இல்லை. வீரணன்கூட வந்து எட்டிப் பார்த்து, "பெரியய்யா சரியான ஆளு" என்றான். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. என் முகத்திலும் இருந்திருக்கும். ஆனால் உள்ளே ஏதோ ஒன்று இறங்காமல் நின்றது. நான் கேட்டதால் கிடைக்கவில்லையே இது? எப்போதோ யாரோ ஒரு தொழிற்சாலையில் போட்ட ஓட்டையோடு என் ஆசை தற்செயலாக ஒத்துப்போனதால் கிடைக்கிறது. இப்படி யோசிக்கிற என் புத்தியை நானே அதட்டினேன். கிடைக்கிறது அல்லவா, வாங்கிக்கொள்.

சின்ராசு ஈயத்தைத் தட்டி எடுத்து, சீட்டை அந்த ஓட்டைகளின் மேல் வைத்து, இரண்டு போல்ட்டைச் சும்மா செருகினான். "உக்காந்து பாருங்கக்கா."

ஏறி உட்கார்ந்தேன். கால் கிளச்சைத் தொட்டது. அழுத்தினேன். இறங்கியது, ஆனால் கடைசி வரை இல்லை. கடைசிக் கொஞ்சத்துக்கு இடுப்பு நழுவி முன்னே போக வேண்டியிருந்தது. அந்தத் தொழிற்சாலைக்காரர்களும் என்னை நினைத்து ஓட்டை போடவில்லை.

"எட்டுதா?" என்றார் இவர். அவ்வளவு ஆசையோடு கேட்டார்.

"பரவாயில்ல" என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சமாளிக்கலாம். முதுகுக்கு ஒரு சின்னத் தலையணை. கோணிகூடப் போதும். போடி மெட்டுத் திருப்பங்களில் தலையணை நழுவினால் ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். எத்தனையோ விஷயத்தில் அப்படித்தானே ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறேன்.

வீரணன் ஜீப்பிலிருந்து மருதாயி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேலியாகத்தான் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு விரக்கடை முன்னால வரணும் சின்ராசு" என்றேன்.

அவன் உடனே இவரைப் பார்த்தான்.

"அவர எதுக்குப் பாக்குற? ஓட்டப் போறது நான்."

"அமுதா, அசல் எடம் கெடச்சிருச்சே..." என்றார் இவர்.

"கெடச்சிருச்சுங்க. எனக்குத்தான் எட்டல."

வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. எங்கப்பா தள்ளினார், நானும் தள்ளுகிறேன் என்று வாதாடியிருக்கலாம்; இவர் வரலாறு நடத்துகிறவர், அது அவருக்குப் புரிந்திருக்கும். ஆனால் அப்பாவைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. காலை நீட்டிக் கிளச்சுக்கு மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கவில்லை.

இவர் கொஞ்சநேரம் என் காலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றியிருந்தேன், விரல்கள் விரிந்து இரும்பைத் தேடிக்கொண்டிருந்தன. அவர் கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"போடு சின்ராசு" என்றார். பிறகு என்னைப் பார்த்துத் திருத்திக்கொண்டார். "அவ சொல்ற எடத்துல போடு."

டிரில் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை நாய் எழுந்து ஓடியது. சுருள் சுருளாக இரும்பு விழுந்தது. இவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார், குழந்தைக்கு ஊசி போடும்போது நிற்பதைப்போல.

டயர், கூடு, லைட் எல்லாவற்றையும் அப்பாவும் மகளுமாகப் பேசி முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அதில் எனக்கு நிஜமாகவே அபிப்பிராயம் இல்லை. அதைத் தெரிந்துகொண்டபோது எவ்வளவு லேசாக இருந்தது. பிரேக் புதுசு, முகம் பழசு என்று ஒப்பந்தமானது. நாலு லைட்டுக்காக இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் ஜீப்பை எடுத்தேன். பக்கத்தில் இவர், பின்னால் அருள்மொழி. முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கியது. முதல் திருப்பத்தில் வண்டி அணைந்தது. இரண்டாவதில் அணையவில்லை. எதிரே இறங்கிவந்த லாரிக்காரன் என்னைப் பார்த்து ஹாரன் அடித்தான்; நானும் அடித்தேன். பின்னால் வந்த வீரணன் ஒரு பாட்டம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒதுங்கி முந்தினான். அவன் ஜீப்பின் பின்னாலிருந்து மருதாயி, "வெரசா வாங்க ஆத்தா, காய் காத்துக்கெடக்கு!" என்று கத்திக்கொண்டே போனாள்.

பாதி மலையில், டீக்கடை முன்னால் நிறுத்தினேன். "இங்கருந்து நான் ஓட்டுறேம்மா" என்று அருள்மொழி முன்னால் வந்தாள். அவள் அப்பாவைக் கொண்டு பிறந்தவள் இல்லை, தாத்தாவைக் கொண்டு பிறந்தவள், நெடுநெடுவென்று உயரம். டிரைவர் சீட்டில் ஏறினாள். முட்டி ஸ்டியரிங்கில் இடித்தது. காலை இந்தப் பக்கம் மடித்தாள், அந்தப் பக்கம் மடித்தாள்.

"என்னம்மா இது, உக்காரவே முடியல!"

இவர் டீ டம்ளரை வைத்துக்கொண்டு அவள் முட்டியையும் ஸ்டியரிங்கையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாயோரம் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"நீ பின்னாடி போ ஆத்தா" என்றேன், சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு.